முக்கூடல் பெட்டி

துரைக்கண்ணு செத்த ஒன்பதாம் நாள், அவர் பார்த்துக்கொண்டிருந்த பெட்டி என் மேசைக்கு வந்தது. கோணியில் சுற்றி, உள்ளே இன்னும் பாலாற்று மணலோடு வந்தது. கோணியைப் பிரிப்பதற்கு முன்பே எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் தீர்ப்பு தெரிந்திருந்தது. பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டியவள் நான் ஒருத்திதான் என்பதால், எனக்கு மட்டும் தெரியவில்லை.

நாங்கள் ஏழு பேர். பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிவீட்டின் மாடியில் உட்கார்ந்து ஆற்றங்கரைப் பெட்டி செய்கிறோம். பெட்டி ஒரு இரும்புக் கம்பத்தில் இருக்கும். தண்ணீர் எவ்வளவு உயரம் என்று அளந்துகொண்டே இருக்கும். அதில் சொருகியிருக்கும் மோடம், விரல் நீளச் சாமான், அந்த அளவை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வெளியே அனுப்பும். நாலு மீட்டர் தாண்டினால் எதிர்க்கரைக் குடிசைகளில் சைரன் அடிக்கும். திருமுக்கூடலில் அன்றைக்குத் தண்ணீர் ஐந்து மீட்டர் தாண்டியது, சைரன் அடிக்கவில்லை. எதிர்க்கரையில் படுத்த படுக்கையாகக் கிடந்த இந்திராணி என்ற வயதான அம்மாள் குடிசையோடு போனாள். இந்தக் கரையில், எங்களுக்காகப் பெட்டியைக் கவனித்துவந்த துரைக்கண்ணுவைக் கம்பத்தடியிலிருந்தே ஆறு கொண்டுபோனது. இரண்டு நாள் கழித்து வேலிக்காத்தான் புதரில் கிடைத்தார்.

எங்கள் முதலாளி அருள் மறுநாளே மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டார். "களப்பணியாளர் தமது கைபேசிக்கு மின்னேற்றும் பொருட்டு மோடத்தை அகற்றியதாகத் தெரிகிறது." அவர் கெட்ட மனிதர் இல்லை. அன்று மதியம் பன்னிரண்டு மணியோடு பெட்டி பேச்சை நிறுத்தியிருந்தது. துரைக்கண்ணு பெட்டியில் போனைச் சொருகி நின்றதை ஊரில் நாலு பேர் பார்த்திருந்தார்கள். அருளுக்கு அது போதுமானதாக இருந்தது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை.

பத்தாம் நாள் காலையில் துரைக்கண்ணுவின் மனைவி மணியம்மாள் மாடிப்படி ஏறி வந்தாள். கூட அவள் மகள் அபிநயா, கல்லூரியில் படிக்கிற பெண். மணியம்மாள் நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டாள். கோணி மேல் இருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீதான் இத தொறந்து பாக்கறியாமா?"

"ஆமாம்மா."

"எனுக்கு ஒன்னே ஒன்னு சொன்னா போதும். அவரு போன் சார்ஜ் போட்டுக்கினு இருந்தாரா, இல்லியா?"

நான் பதில் சொல்வதற்குள் அபிநயா சொன்னாள். "வர்ற புதன்கிழம பதினாறாம் நாள் கருமாதி அக்கா. செத்துப்போன இந்திராணி ஆயா யாருன்னு நெனச்சீங்க, எங்க பெரியப்பா வெங்கடேசனோட அம்மா. எங்களுக்குப் பங்காளி. அவங்கம்மாவ எங்கப்பாதான் கொன்னுட்டாருன்னு சொல்லிக்கினு இருக்காரு. அப்பா எடுப்புக்கே யாரும் வரல."

"ஆம்பளப் புள்ள இல்ல எனுக்கு," என்றாள் மணியம்மாள். "வெங்கடேசன்தான் கொள்ளி வெக்கணும். வரல. இவதான் வெச்சா. கருமாதிக்கும் பங்காளி வரலன்னா, போன் சார்ஜ் போடப் போயி ஊர முக்குனவன்னே அவரு பேரு நின்னுடும்மா."

புதன்கிழமைக்குள் சொல்கிறேன் என்றேன். எதைச் சொல்லப்போகிறேன் என்று தெரியாமலே வாக்குக் கொடுப்பது என் பழைய வியாதி.

பெட்டியின் உள்ளே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு. தன் வாழ்க்கையில் நடந்ததையெல்லாம் பெட்டி அதில்தான் எழுதிவைக்கும். என்ன சொருகினார்கள், எப்போது பிடுங்கினார்கள், தண்ணீர் எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு, எல்லாம் இருக்கும். நனைந்த சில்லைக் காயவைத்துப் படிக்க ஒரு பகல் ஆனது. ஒரு வரி கூடக் கெடாமல் வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேற்கொண்டு நடந்தது புரியாது. பெட்டிக்கு ஒரே ஒரு யூஎஸ்பி வாய். அதற்கு இரண்டு வேஷம். மோடத்தைச் சொருகினால் பெட்டி எஜமான். மோடத்துக்கு மின்சாரம் கொடுத்து வேலை வாங்கும். அளவை நேரில் பார்க்கப் போனைச் சொருகினால் போன் எஜமான். பெட்டி அதற்கு அடங்கி, அதனிடமே மின்சாரம் வாங்கிக்கொள்ளும். மாமியார் வீட்டில் பரிமாறுகிறவள் அம்மா வீட்டுக்குப் போனால் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி. ஒரே ஆள்தான், இடம்தான் வேறு. ஒவ்வொரு முறையும் எந்த வேஷம் என்று சில்லு எழுதிவைக்கும்.

பன்னிரண்டு ஐந்துக்குப் போன் சொருகப்பட்டது என்று எழுதியிருந்தது. அருள் சொன்னது சரிதான் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தேன். போன் எஜமான். மின்சாரம் போனிலிருந்து பெட்டிக்குள் வந்துகொண்டிருந்தது. மூன்று நாள் மழையில் வெயிலே இல்லாமல் பெட்டியின் பேட்டரி காய்ந்து கிடந்திருக்கிறது. கிடைத்ததை விடாமல் இழுத்திருக்கிறது. அவர் போனுக்குப் பெட்டியிலிருந்து ஒரு சொட்டுகூடப் போகவில்லை. நாங்கள் கொடுத்த அந்தக் கேபிளில் போக வழியே கிடையாது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கடிதம் எழுதும்போது யாருக்கும் நினைவு வரவில்லை, எனக்கும்தான்.

எனக்கு முதலில் சந்தோஷம் வந்தது. அதை மறைக்க மாட்டேன். எழுந்து அருள் அறைக்கு ஓடினேன்.

அவர் தாளை இரண்டு தடவை படித்தார். "சரி கலை. சார்ஜ் போடல. செவப்பு எச்சரிக்கை அன்னிக்கு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தபா போன சொருகி அளவு பாக்கணும்னு நாமதான் சொல்லியிருக்கோம், அதான் பாத்திருக்காரு. ஆனா திருப்பி மோடத்த மாட்ட மறந்துட்டாரு போல இருக்குது."

"பன்னண்டு ஒம்பதுக்கு மாட்டியிருக்காரு. பச்ச லைட்டும் எரிஞ்சிருக்குது."

"அப்ப பெட்டி ஏன் பேசல?"

அந்தக் கேள்வி கேட்கும்போதே அவர் முகம் மாறியது. என் முகமும் மாறியிருக்கும். துரைக்கண்ணு எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்திருந்தால், மிச்சம் இருப்பவர்கள் நாங்கள்தான்.

மறுநாள் அதே மாதிரி ஒரு பெட்டி, ஒரு போன், ஒரு மோடம் மூன்றையும் மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போனைச் சொருகினேன், பிடுங்கினேன், மோடத்தைச் சொருகினேன். மூன்றே விநாடியில் பச்சை விளக்கு எரிந்தது. பெட்டி அளவை அனுப்பியது, அனுப்பிவிட்டதாக எழுதியும் வைத்தது. எதிரில் இருந்த என் கம்ப்யூட்டருக்கு ஒரு எழுத்துகூட வந்து சேரவில்லை. பிடுங்கி மறுபடி சொருகினேன். நாலாவது தடவை வந்தது. இன்னொரு முறை செய்து பார்த்தபோது இரண்டாவது தடவையே வந்தது. பேட்டரியை இறக்கிவிட்டுச் செய்தேன். இருபது தடவைக்கும் வரவில்லை.

ஆடி மாசத்துப் பழைய மென்பொருளை ஏற்றிப் பார்த்தேன். வேஷம் மாற நாற்பது விநாடி எடுத்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகப் பேசியது. ஆக, ஆடியில் நன்றாக இருந்ததைக் கார்த்திகைக்குள் எங்களில் யாரோ கெடுத்திருக்கிறோம்.

இடையில் முப்பத்தோரு மாற்றங்கள். இதற்கு ஒரு வழி உண்டு: நடுவில் வெட்டி, அந்த இடத்தில் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது, கெட்ட பாதியை மறுபடி நடுவில் வெட்டுவது. ஐந்து வெட்டில் ஆள் அகப்பட்டுவிடுவான். மூன்றாவது வெட்டு வரைக்கும் பெங்களூருக்கு ஓடிப்போன அஜித்தைத் திட்டிக்கொண்டே செய்தேன். அவன் எழுதுவது அவ்வளவும் அவசரக் கோலம். நாலாவது வெட்டில் அவன் தப்பித்துவிட்டான். ஐந்தாவதில் ஒரே ஒரு மாற்றம் மிஞ்சியது. அதன் தலையில் கலைவாணி என்று என் பெயர் இருந்தது.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு அந்த மாற்றம் நன்றாகவே ஞாபகம் இருந்தது. அதற்காக ஆபீசில் எனக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தார்கள்.

நான் தறிவீட்டுப் பெண். ஒரு பாவு, தறியில் நீளவாக்கில் ஓடும் இழைக்கூட்டம், நெய்து முடிந்ததும் அதைத் தறியிலிருந்து முழுசாக உருவிப் போட மாட்டோம். வாலை விட்டுவைத்து, புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு விரலால் முறுக்கிப் பிணைப்போம். விரல் வழுக்காமலிருக்கச் சாம்பல் தொட்டுக்கொள்வோம். ஆயிரக்கணக்கான இழைகள். உருவிவிட்டால் எல்லாவற்றையும் இழைகளை ஏற்றி இறக்கும் விழுதின் கண்களில் மறுபடி கோக்க வேண்டும், அது நாள்கணக்கில் இழுக்கும். பன்னிரண்டு வயதில் எனக்குப் பிணைக்கத் தெரியும். பெட்டியின் யூஎஸ்பி வாயை நடத்தும் மென்பொருளான பழைய டிரைவர், வேஷம் மாறும்போதெல்லாம் அளவை வெளியே அனுப்பும் தன் நெட்வொர்க் வாசலை முழுக்க இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியது. அதனால்தான் நாற்பது விநாடி. அதைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. இவ்வளவையும் எவனாவது உருவிப் போடுவானா என்று நினைத்தேன். பழைய வாசலை இடிக்காமல் விட்டுவைத்து, புது வேஷத்தை அதோடு பிணைத்தேன். நாற்பது மூன்றானது. அருள் அதற்குக் 'கலை பிணைப்பு' என்றே பெயர் வைத்தார்.

தறியில் பாவுதான் மாறும், தறி நின்ற இடத்தில் நிற்கும். இங்கே வேஷம் மாறும்போது தறியே போய்விடுகிறது. நான் பிணைத்த வாசல் இல்லாத தறியில் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டி அதன் வழியாகத்தான் துரைக்கண்ணுவின் அளவுகளை அனுப்பியது, அனுப்பிவிட்டதாக நம்பவும் செய்தது. வேறு எந்த ஊர்க்காரி எழுதியிருந்தாலும் இந்தத் தப்பு வந்திருக்காது. ஊரே மெச்சுகிற வேலையைத்தான் நான் அங்கே செய்து வைத்திருந்தேன்.

அன்று சாயங்காலமே மற்ற ஆறுகளில் நிற்கும் நாற்பத்திரண்டு பெட்டிகளுக்கும் பழைய மென்பொருளைத் திருப்பி அனுப்பினேன். அருளைக் கேட்கவில்லை. பிறகுதான் துரைக்கண்ணுவின் சில்லில் மிச்சமிருந்த பக்கத்தையும் எங்கள் கம்ப்யூட்டரில் இருந்த பதிவையும் படித்தேன். பன்னிரண்டு ஒன்பதுக்கு மோடத்தை மாட்டிவிட்டு அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். ஒன்றரைக்கு, பெட்டி தொடர்பில் இல்லை, நேரில் சரிபார்க்கவும் என்று எங்கள் கம்ப்யூட்டர் தானாக அவருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறது. மழையில் திரும்பி வந்திருக்கிறார். ஒன்று ஐம்பத்திரண்டிலிருந்து இரண்டு நாற்பத்தொன்று வரைக்கும் மோடத்தைப் பிடுங்கிச் சொருகியிருக்கிறார். பதினோரு தடவை. போயிற்றா என்று பார்க்க நடுநடுவே போனைச் சொருகியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் பெட்டி அந்தப் போனை உறிஞ்சியிருக்கிறது. இரண்டு பத்தொன்பதுக்குப் போன் அணைந்துவிட்டது. அப்போது தண்ணீர் மூன்றரை மீட்டர்கூட இல்லை. யாரையும் கூப்பிட்டுச் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. அதற்கப்புறம்தான் மேலே இரண்டு ஏரிகளின் உபரி ஒன்றாக வந்து சேர்ந்தது. அப்போது அவரிடம் போன் இல்லை. எதிர்க்கரைக்குப் பாலமும் இல்லை. பேசாத பெட்டி ஒன்றுதான் இருந்தது.

ஏன் பதினோரு தடவை என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு அது ஞாபகம் வந்தது. ஐப்பசியில் ஒருநாள் துரைக்கண்ணு எனக்குப் போன் செய்திருந்தார்.

"மேடம், முக்கூடல் பெட்டி துரைக்கண்ணு பேசறேன். போன எடுத்துட்டு மோடம் போட்டா பச்ச லைட்டு எரியுது. ஆனா ஆபீசுக்குப் போவலன்னு சொல்றாங்கோ. இன்னாங்க பண்றது?"

நான் வேறு ஏதோ வேலையில் இருந்தேன். "பிடுங்கி மறுபடி சொருகுங்கண்ணா."

"சொருகியும் போவலன்னா?"

"போற வரைக்கும் சொருகுங்க."

"சரி மேடம். நீங்க சொன்னா சரி."

அவ்வளவுதான் பேச்சு. ஒரு நிமிஷம் கூட இல்லை. அன்றைக்கே எழுந்து மேசையில் ஒரு பெட்டியை வைத்துப் பார்த்திருந்தால் ஒரு பகலில் கண்டுபிடித்திருப்பேன். இப்போது கண்டுபிடித்தேனே, அதே ஒரு பகலில்.

செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் அருளிடம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"ஆய்வு நடந்துக்கினு இருக்குதுன்னு எழுதலாம். பொய் இல்ல. ஏழு குடும்பம் கலை. மத்த பெட்டியத்தான் நீ சரி பண்ணிட்டியே."

"அந்தம்மா ஆய்வப் பத்திக் கேக்கல. சார்ஜ் போட்டாரா இல்லியான்னு கேட்டாங்க."

"போடலன்னு மட்டும் சொல்லிட்டு வா. மீதிய ஏன் சொல்ற?"

எனக்கும் அந்த ஆசை இருந்தது. நன்றாகவே இருந்தது. போடவில்லை என்ற ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, அவள் கும்பிடுவதை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். ராத்திரி முழுக்க அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் அப்பா பிணைக்க உட்கார்ந்திருந்தார். அவர் விரலைப் பார்க்க முடியாமல் காப்பி குடிக்காமலே கிளம்பினேன்.

திருமுக்கூடலில் அன்றைக்கு இரண்டு கருமாதி. துரைக்கண்ணு வீட்டு வாசலில் ஒரு பந்தல். குடிசை போனவர்களைத் தங்கவைத்திருந்த பள்ளிக்கூடத்தில், இந்திராணிக்காக இன்னொன்று. பள்ளிக்கூடத்துப் பந்தலில் ஐம்பது பேர் இருந்தார்கள். இங்கே மணியம்மாளின் அண்ணன் தம்பிகள் நாலு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

மணியம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்தாள். "சொல்லுமா."

"போடலம்மா. அவரு போன்ல இருந்ததத்தான் பெட்டி எடுத்துக்கிச்சு."

அவள் கும்பிடவில்லை. மகளைப் பார்த்து, "அபிநயா, பெரியப்பாவக் கூட்டியா. சேதி கேட்டுட்டுப் போவச் சொல்லு," என்றாள்.

வெங்கடேசன் வந்து பந்தலுக்கு வெளியே நின்றார். தாய்க்காக மொட்டை அடித்திருந்தார். அவர் பின்னால் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள்.

நான் தாளை எடுத்தேன். யாருடைய முகத்தையும் பார்க்காமல் சொன்னேன். அவர் போனுக்குச் சார்ஜ் போடவில்லை. மோடத்தைத் திரும்ப மாட்டினார். பெட்டியில் நான் எழுதிவைத்தது கெட்டுப்போனதால் சைரன் அடிக்கவில்லை. போகாவிட்டால் போகிற வரைக்கும் பிடுங்கிச் சொருகுங்கள் என்று அவரிடம் சொன்னதும் நான்தான். அவர் பதினோரு தடவை சொருகினார்.

வெங்கடேசன் கேட்டார். "பதினோரு தபான்னு உனுக்கு எப்டித் தெரியும்?"

"பெட்டியில எழுதியிருக்குது."

"படி," என்றாள் மணியம்மாள்.

"ஒன்னு அம்பத்திரெண்டு. தண்ணி ரெண்டு புள்ளி எட்டு." ஏழாவது தடவை வரைக்கும் ஒவ்வொன்றாகப் படித்தேன். அந்தக் கம்பத்தடி மேடை நாலே கால் மீட்டர் உயரம் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். "ரெண்டு இருபத்தொம்பது. நாலு புள்ளி மூணு. ரெண்டு முப்பத்திமூணு. நாலு புள்ளி ஆறு. ரெண்டு முப்பத்தேழு. நாலு புள்ளி ஒம்பது." அபிநயா என் கையிலிருந்து தாளை வாங்கிக் கடைசி வரியை அவளே படித்தாள். "ரெண்டு நாப்பத்தொன்னு. அஞ்சு புள்ளி ரெண்டு."

வெங்கடேசன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே வந்து, சடங்குக்கு விரித்திருந்த பாயில் பங்காளி உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார். அவர் பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். அபிநயா அப்போதுதான் அழுதாள்.

மணியம்மாள் என் பக்கத்தில் வந்தாள்.

"பதினோரு தபா கரையேறி வந்திருக்கலாம் அவரு," என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. "நீ சொன்னன்னு நின்னுக்கினு இருந்திருக்காரு."

நான் தலையாட்டினேன்.

"வந்து சொன்ன பாரு, அது போதும். நீ கெளம்பு."

பந்தலில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கருமாதிக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்புகிற வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது. என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன்.